டெலானா கத்தரித்த புத்தகம்

டெலானா கிரைடர் வேதாகமத்தைக் கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டாள் என்று தீவனக் கடையில் பேசிக்கொண்டார்களாம். யார் முதலில் பேசியது என்று யாருக்கும் தெரியாது. டெலானாவின் தோழி ட்ரீனாவுக்கு அவள் மைத்துனன் சொன்னான். அவன் கோழித்தீவன மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்தபோது, வரிசையில் முன்னால் நின்ற இரண்டு பேர் பேசியது காதில் விழுந்ததாம். ட்ரீனா ஒரு சேதியை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண் அல்ல. பிக்கப் வண்டியை நேராக டெலானா வீட்டுச் சரளைப் பாதையில் விட்டாள்.

"அடியே, உள்ளதச் சொல்லு. வெட்டினியா, இல்லையா?"

டெலானா அப்போது சமையலறை மேசையில் கத்தரிக்கோலும் கையுமாகத்தான் உட்கார்ந்திருந்தாள். நேரம் அப்படி.

"வெட்டினேன். ஆனா வேதாகமத்த இல்லடி. ஆசிரியர் கையேட்ட."

"குப்பையில போட்டியா?"

"ஷூ பெட்டியில போட்டேன்."

"ஷூ பெட்டியா? குப்பையே தேவலாம் போலிருக்கே!" ட்ரீனா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "எரிச்சேன்னுகூட ஒரு பேச்சு ஓடுது. அது பொய்னு உன்னக் கேக்காமலே சொல்லிட்டேன். எரிக்கல இல்ல?"

"எரிக்கலடி."

"அப்பாடா. சரி, ஐஸ் டீ இருந்தா எடு."

ட்ரீனா சிரித்தபடி டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். டெலானாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தீவனக் கடை வரைக்கும் போன பேச்சு மிசஸ் ஆர்டித் ப்ரூயெட்டின் காதுக்குப் போகாமல் இருக்காது.

ஹிக்கரி ஃபோர்க் என்ற அந்தச் சிற்றூரில் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் குடும்பங்கள் பதினொன்று. வாரத்தில் நாலு நாள் அவரவர் வீட்டுச் சமையலறை மேசைதான் பள்ளிக்கூடம். வெள்ளிக்கிழமை மட்டும் எல்லாரும் சபைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கூடி, நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகப் படிப்பார்கள். பதினொரு வீட்டுக்கும் பாடத்திட்டம் ஒன்றே. ஊதா அட்டை போட்ட ஒரு ஆசிரியர் கையேடு, நாலு பவுண்டு எடை. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அதைத் தருவித்து வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் மிசஸ் ப்ரூயெட். இந்த வெள்ளிக்கிழமைக் கூட்டுக்கு அவர்தான் தலைவி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பியானோ வாசிப்பவரும் அவரே. அந்தப் புத்தகத்தை வைத்தே தன் ஐந்து பிள்ளைகளையும் படிக்கவைத்துக் கரையேற்றியவர்.

தடித்த எழுத்தில் இருப்பதை அம்மா வாசிக்க வேண்டும். சாய்ந்த எழுத்தில் இருப்பதைப் பிள்ளைகள் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் ஓரத்தில் உள்ள கட்டத்தில் ஒரு டிக். நாள் ஒன்றுக்குப் பதினான்கு கட்டம். ஒரு கட்டம் காலியாகக் கிடந்தால் டெலானாவுக்கு அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு தொண்டையில் இறங்காது. அப்படிப்பட்ட பெண் புத்தகத்தை வெட்டினாள் என்றால் காரணம் இருக்க வேண்டும்.

காரணத்துக்கு ஆறு வயது. பெயர் ஏசா, அவள் இளைய மகன்.

மூத்தவள் கெசாயாவுக்குப் பன்னிரண்டு வயது. அவள் எட்டு வயதில் அந்தப் புத்தகத்தைத் தொடங்கினாள். டிக் போடுவதையே ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டு வளர்ந்தாள். ஆனால் இப்போது கூட்டில் வாண்டுகள் பெருகிவிட்டன. நாலு வயது, ஐந்து வயது எல்லாம் அண்ணன் அக்காமாரோடு அதே மேசையில், அதே பாடத்துக்கு உட்கார வேண்டியதாயிற்று. ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் காலையில் வீட்டில் பாடம் 'விடாமுயற்சி'. அதன் பொருளை மூன்று வரியில் பார்த்து எழுத வேண்டும். முதல் வரியின் பாதியிலேயே ஏசா நாற்காலியிலிருந்து வழுக்கி மேசைக்கு அடியில் போய்விட்டான்.

"ஏசா, மேல வா."

"கர்த்தரோட வீட்டுக்குப் போனாலும் இந்தப் புக்கு இருக்குமா?" குரல் மட்டும் மேலே வந்தது.

"பரலோகத்துலயா? இருக்காதுன்னுதான் நெனக்கிறேன்."

"நிச்சயமாத் தெரியுமா?"

நிச்சயமாகத் தெரியாததைத் தெரியும் என்று எப்படிச் சொல்வது? டெலானா ஒரு வினாடி தயங்கிவிட்டாள். அந்த ஒரு வினாடி அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

"அப்பன்னா நான் வரல. நீங்க எல்லாரும் போங்க. நான் டியூக்கோட இங்கயே இருந்துக்கிறேன்."

டியூக் அவர்கள் வீட்டு நாய். கெசாயா விழுந்து விழுந்து சிரித்தாள். மின்கம்பி வேலை முடிந்து சாயங்காலம் வீட்டுக்கு வந்த அவள் கணவன் ராய்ஸ், விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நாய்க்குத் தீனி வைக்க ஒரு ஆள் வேணும்ல, பையன் யோசிச்சுத்தான் பேசியிருக்கான்" என்றான். டெலானாவும் சிரித்தாள். பிறகு துணி துவைக்கிற அறைக்குப் போய், ஈரத் துண்டைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றாள். கணக்கு வராவிட்டால் மெல்லச் சொல்லிக்கொடுக்கலாம். எழுத்து கோணினால் போகப்போகச் சரியாகிவிடும். கர்த்தர் என்றாலே மேசைக்கு அடியில் ஒளிய வேண்டும் என்று பையன் மனதில் பதிந்துவிட்டால், அதை எந்தக் கட்டத்தில் டிக் போட்டுச் சரிசெய்வது?

மறுநாள் காலையில் கத்தரிக்கோலை எடுத்தாள்.

முதல் பக்கத்தை வெட்ட அரை மணி நேரம் ஆயிற்று. பிறகு பழகிவிட்டது. ஒவ்வொரு பாடத்திலிருந்தும் ஒரே ஒரு வாக்கியத்தை வெட்டி எடுத்து ஓர் அட்டையில் ஒட்டினாள். அட்டையின் பின்பக்கம், பிள்ளைகள் கையால் செய்ய என்ன இருக்கிறது என்று பென்சிலில் எழுதிக்கொண்டாள். கதையைத் தானே வாயால் சொன்னாள். பத்து நிமிஷம். அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூட இல்லை. எழுதுகிற வேலை எதுவும் கிடையாது. அட்டைகளை ராய்ஸின் வேலைப் பூட்ஸ் வந்த பெட்டியில் அடுக்கினாள்.

எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல முடியாது. மூன்று நாள் மீன் வயிற்றில் கிடந்த யோனாவின் கதைக்கு, தோட்டத்தில் பிள்ளைகள் ஏறிக் குதிக்கும் டிராம்போலினின் அடிப்பக்கம் மீன் வயிறாயிற்று. உள்ளே போன ஏசா, மூன்று நாள் ஆகாமல் வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்தான். மதியச் சாப்பாட்டைக் குனிந்து உள்ளே தள்ள வேண்டியிருந்தது. யோர்தான் நதியில் ஏழு தரம் முங்கினால் குஷ்டம் தீரும் என்று தீர்க்கதரிசி சொல்லியனுப்பிய நாகமானின் கதை அதைவிட மோசம். குஷ்டத்துக்கு மார்க்கர் பேனாவால் அவன் கையிலும் முகத்திலும் சிவப்புப் புள்ளி வைத்து, ஏழு தரம் முங்க ஓடைக்குக் கூட்டிப்போனாள். ஏழு தரம் முங்கினான். புள்ளி அப்படியே இருந்தது. எட்டாவது தரமும் முங்கிப் பார்த்தான்.

"அம்மா, தீர்க்கதரிசி தப்பாச் சொல்லிட்டாரா?"

டெலானா மார்க்கரைத் திருப்பிப் பார்த்தாள். அழியாத மை என்று அதிலேயே எழுதியிருந்தது.

"தீர்க்கதரிசி சரியாத்தான் சொன்னார். அம்மாதான் பேனாவ மாத்தி எடுத்துட்டேன்."

"பரவால்ல," என்றான் ஏசா பெருந்தன்மையாக. "இது யோர்தானும் இல்லையே."

மறுநாள் பல் மருத்துவரிடம் போக வேண்டியிருந்தது. அந்த முகத்தோடுதான் போனார்கள். காத்திருந்தவர்கள் எல்லாரும் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்கள். ஏசா அவர்களுக்கு நாகமான் கதையை முதலிலிருந்து கடைசிவரை சொன்னான். யாரும் கேட்காமல், யாரும் திருப்பிச் சொல்லச் சொல்லாமல், அவனாகவே சொன்னான். வண்டியில் திரும்பும்போது டெலானா ஓரமாக நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மிசஸ் ப்ரூயெட்டிடமிருந்து அழைப்பு வருவதற்கு முன்னால் தானே போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்தாள். ஷூ பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சீக்கிரமே போய் நின்றாள்.

மிசஸ் ப்ரூயெட் அட்டைகளைப் புரட்டவில்லை. பெட்டியை மட்டும் பார்த்தார்.

"விளையாட வீட்டுல எடம் இருக்கு, டெலானா. பாடம்னா பாடம்."

"சின்னதுங்க உக்கார மாட்டேங்குதுங்க, மிசஸ் ப்ரூயெட். உக்காந்தாலும் உள்ள போகல."

"என் அஞ்சும் உக்காந்துச்சு. ஒரு பக்கம் கத்தரிக்காமத்தான் படிச்சுச்சு."

அந்த ஐந்தில் இரண்டு பேர்தான் இன்னும் சபைக்கு வருகிறார்கள் என்பது ஹிக்கரி ஃபோர்க்கில் எல்லாருக்கும் தெரியும். டெலானா அதைச் சொல்லவில்லை. ட்ரீனாவாக இருந்தால் சொல்லியிருப்பாள்.

ஏசா மேசைக்கு அடியில் சொன்னதை மட்டும் டெலானா சொன்னாள். மிசஸ் ப்ரூயெட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"அக்டோபர் கடைசி வரைக்கும் பாப்போம். ஏழு வயசுக்குக் கீழ உள்ள ஏழு பேரையும் நீ எடுத்துக்க. உன் பெட்டி, உன் பொறுப்பு. கூட்டுக் கமிட்டிக்குச் சரியாப் படலைன்னா மறுபடி நீள மேசைக்குத்தான். உன் பையனும் சேத்து. சம்மதமா?"

"சம்மதம்."

ஏழு வாண்டுகளும் கீழ்த்தளத்தின் மூலையில் உள்ள சின்னக் கூடத்துக்குக் குடிபோயின. அங்கேயிருந்து வெள்ளிக்கிழமைதோறும் வரும் சத்தத்தைக் கேட்டு நீள மேசைப் பிள்ளைகள் ஏக்கத்தோடு கழுத்தை நீட்டின. எட்டு வயசுப் பையன் ஒருவன், தனக்கு உண்மையில் ஆறுதான் ஆகிறது என்று சாதித்துப் பார்த்தான்.

அக்டோபர் நடுவில் மன்னா பாடம் வந்தது, வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கர்த்தர் காலைதோறும் வானத்திலிருந்து தூவிய உணவு. டெலானா விடிந்ததும் போய் சபைக்கு வெளியே புல்வெளியில் ஒரு படுக்கை விரிப்பை விரித்து, தேன் பிஸ்கெட்டுகளை நொறுக்கித் தூவினாள். விரிப்பு இல்லாமல் முதலில் தூவிப் பார்த்தாள். பனி ஈரத்தில் எல்லாம் கூழாகிவிட்டது. பக்கத்து வீட்டு நாய் ஒன்று வனாந்தரத்து இஸ்ரவேலருக்கு முன்னால் வந்து கால் பங்கைத் தின்றும்விட்டது. பிள்ளைகள் வந்ததும் ஆளுக்கொரு காகிதக் கோப்பையைக் கொடுத்தாள்.

"இன்னிக்கு எவ்வளவு திம்பீங்களோ அவ்வளவுதான் எடுக்கணும். நாளைக்குன்னு எடுத்து வைக்கக் கூடாது. வச்சா என்ன ஆகும்?"

"கெட்டுப்போகும்!"

"கெட்டுப்போயி?"

"நாறும்! புழு வரும்!" இதைச் சொல்லும்போது ஏழு முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம்.

பொறுக்கினார்கள், தின்றார்கள், ஓடினார்கள். டெலானா விரிப்பை உதறி மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். அந்த வருஷத்திலேயே நன்றாக அமைந்த பாடம் அதுதான் என்று ராய்ஸிடம் சொன்னாள்.

அதற்கு அடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை. காணிக்கை எடுக்கும் நேரம். மிசஸ் ப்ரூயெட் பியானோ முன்னால் உள்ள பெஞ்சின் மூடியைத் திறந்து, பாட்டுத் தாளை எடுத்து, மூடி, உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினார். எப்போதும் வாசிக்கிற நிதானமான பாட்டுத்தான். இரண்டாவது அடியில் கொஞ்சம் வேகம் பிடித்தது. மூன்றாவது அடியில் நல்ல வேகம். தட்டு ஏந்திவந்த பிரதர் லாயல் தாளத்துக்கு ஈடுகொடுக்க எட்டி நடந்தார். அப்புறம் ஏறக்குறைய ஓடினார். ஒரு தட்டு ஒரு வரிசையையே விட்டுவிட்டுப் போனது. மிசஸ் ப்ரூயெட்டின் தோள் துள்ளியது, தலை ஆடியது, இடது கை நடுவில் ஒருதரம் வலது சட்டைக்கைக்குள் போய்வந்தது. இந்தச் சபையில் கை தட்டும் வழக்கம் கிடையாது. அன்று பின்வரிசையில் இரண்டு பேர் தட்டினார்கள். போதகர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆமென், சகோதரி!" என்றார்.

பாட்டு முடிந்ததும் மிசஸ் ப்ரூயெட் எழுந்து, நிமிர்ந்து, யாரையும் பார்க்காமல் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனார். மூன்றாவது வரிசையில் இருந்த டெலானா பியானோ பெஞ்சைப் பார்த்தாள். மூடியின் இடுக்கிலிருந்து கறுப்பாக ஒரு கோடு இறங்கித் தரையில் வளைந்து போய்க்கொண்டிருந்தது.

ஆராதனை முடிந்ததும் பெஞ்சைச் சுற்றிக் கூட்டம். பாட்டுப் புத்தகங்களுக்கு அடியில் ஒரு காகிதக் கோப்பை. கோப்பைக்குள் தேன் பிஸ்கெட் நொறுங்கலும் ஹிக்கரி ஃபோர்க்கின் பாதி எறும்பும். யார் வைத்தது என்று கேட்க வேண்டிய வேலையே இல்லை. ட்ரீனாவின் மகள் ஓபல், ஐந்து வயது, பெரியவர்களின் கால்களுக்கு நடுவே நுழைந்து வந்து கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"புழு வரல," என்றாள் கொஞ்சம் ஏமாற்றத்தோடு. "எறும்புதான் வந்திருக்கு."

"ஐயோ, என் பொண்ணா!" என்று ட்ரீனா வாயைப் பொத்திக்கொண்டாள்.

மிசஸ் ப்ரூயெட் திரும்பி வந்திருந்தார். மணிக்கட்டைச் சொறிந்துகொண்டே ஓபலுக்கு முன்னால் குனிந்தார்.

"நீதான் வச்சியா?"

"ஆமா, மேடம்."

"ஏன் வச்ச?"

"வச்சாக் கெட்டுப்போகும்னு மிஸ் டெலானா சொன்னாங்க. நெஜமான்னு பாக்கணும்னு வச்சேன்."

"என் பெஞ்சுல எதுக்கு வச்ச?"

"அதத்தான் யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். மிசஸ் ப்ரூயெட் அதைக் கவனிக்கவில்லை. அவர் இப்போது நீள மேசைக் குரலுக்கு மாறிவிட்டார்.

"சரி. மக்கள் ஏன் மன்னாவச் சேத்து வைக்கக் கூடாது?"

ஓபல் யோசித்தாள். "நாளைக்கு கர்த்தர் மறந்துருவாருன்னு நெனச்சுத்தானே வைக்கிறாங்க? அவர் மறக்க மாட்டாரு. தெனமும் காலைல வருவாரு. நாம தூங்கிட்டு இருப்போம், அவர் தூவிட்டுப் போயிருவாரு. வச்சா அவருக்கு வருத்தமா இருக்கும்." பிறகு ஏதோ நினைவு வந்தவளாக, "எறும்பும் வரும்" என்று சேர்த்துக்கொண்டாள்.

"புத்தகத்துல அப்படி இல்லையே."

"எனக்குப் படிக்கத் தெரியாது, மேடம்."

மிசஸ் ப்ரூயெட்டின் உதடு ஒரு பக்கமாக அசைந்தது. சிரிக்கப் போகிறாரா, கத்தப் போகிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் நிமிர்ந்து டெலானாவைப் பார்த்தார்.

"அந்தப் பெட்டி வண்டியில இருக்கா?"

"இருக்கு."

"எடுத்துட்டு வா. நாளைக்குச் சாயங்காலம் கமிட்டி உக்காருது. செவ்வாக்கெழம காலைல ஃபோன் பண்றேன்."

எறும்புகளுக்காக டெலானா மூன்று தரம் மன்னிப்புக் கேட்டாள். மூன்று தரமும் மிசஸ் ப்ரூயெட் தலையை மட்டும் ஆட்டினார். பெட்டியை வாங்கித் தன் காரின் முன் இருக்கையில் வைத்து, அது சரியாமல் இருக்க இருக்கைப் பட்டியைக் கட்டினார். நல்லதுக்கா கெட்டதுக்கா என்று டெலானாவுக்கு விளங்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே கேட்டுக்கொண்டு வந்தாள்.

"பெட்டிக்குப் பெல்ட்டு போட்டாங்கன்னா என்ன அர்த்தம், ராய்ஸ்?"

"பத்திரமாக் கொண்டுபோகணும்னு அர்த்தம்."

"பத்திரமாக் கொண்டுபோய்?"

"அது தெரியாது. ஆனா அந்தம்மா அந்த மாதிரி வாசிச்சு நான் பாத்ததில்ல. எறும்ப வாராவாரம் விட்டா நல்லது."

திங்கட்கிழமை எப்படியோ போயிற்று. டெலானா ஒரே துணியை இரண்டு தரம் துவைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் பாடத்தைத் தொடங்கவே இல்லை. பெட்டி இல்லாமல் எதைத் தொடங்குவது? வெட்டுப்பட்டு எலும்பாய்க் கிடந்த ஊதாப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். நீள மேசைக்கே திரும்புவதானால் இன்றைக்கே பழக்கிவிடலாம் என்ற எண்ணம். அட்டையைத் திறக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் கரகரவென்று ஏதோ இழுபடும் சத்தம். ஏசா ஒரு நாற்காலியைக் கூடத்திலிருந்து சமையலறைக்கு இழுத்துக்கொண்டு வந்தான்.

"இன்னிக்கு என்ன கதை?"

அவள் கூப்பிடவில்லை. மணியும் அடிக்கவில்லை. பையன் தானாக வந்து நிற்கிறான்.

"அட்டைங்க எல்லாம் மிசஸ் ப்ரூயெட்கிட்ட இருக்குடா."

"உங்களுக்குக் கதை தெரியாதா?"

தெரியும். அவளுக்கு எல்லாக் கதையும் தெரியும். ஊதாப் புத்தகத்தை நகர்த்தி வைத்தாள். இஸ்ரவேலர் அமலேக்கியரோடு நடத்திய யுத்தத்தைச் சொன்னாள். மலை உச்சியில் மோசே கையை உயர்த்தி நிற்கும்வரை கீழே யோசுவாவின் பக்கம் ஜெயிக்கும். கை தாழ்ந்தால் எதிரி ஜெயிப்பான். மோசே களைத்துப்போனபோது இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று கையைத் தாங்கிக்கொண்டார்கள், பொழுது சாயும்வரை.

ஏசா நாற்காலிமேல் ஏறி இரண்டு கையையும் தூக்கினான். தரையில் பட்டாணி டப்பாக்கள் யோசுவாவின் சேனை. டியூக் அமலேக்கியன். அடுப்பிலிருந்த நிமிஷக் கடிகாரத்தைப் பத்துக்குத் திருகி வைத்தாள். அது அடித்தால் பொழுது சாய்ந்தது என்று கணக்கு. மூன்றாவது நிமிஷத்திலேயே கை ஆடத் தொடங்கியது. கை தாழத் தாழ டியூக் வாலை ஆட்டிக்கொண்டு முன்னால் வந்து ஒரு டப்பாவைக் கவிழ்த்தது.

"அம்மா! தோக்கறோம்! கெசாயா, நீயும் வா!"

கெசாயா தன் பாடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து இடது கையைத் தாங்கினாள். டெலானா வலது கையைத் தாங்கினாள். அமலேக்கியன் பின்வாங்கி உட்கார்ந்தான். அப்போதுதான் சுவரில் மாட்டியிருந்த தொலைபேசி அடித்தது.

கெசாயா கழுத்தை நீட்டி அதன் சின்னத் திரையைப் பார்த்தாள். "ப்ரூயெட்னு வருது, அம்மா."

டெலானாவின் கால் தானாக ஓர் அடி நகர்ந்தது. ஏசாவின் கை உடனே சாய்ந்தது.

"விடாதீங்கம்மா! நீங்க விட்டா எல்லாரும் செத்துருவாங்க!"

"ஏசா, அது மிசஸ் ப்ரூயெட்டுடா. நம்ம வெள்ளிக்கெழம வகுப்பு..."

"பொழுது சாயட்டும்மா!"

மூன்றாவது மணி. நாலாவது. ஏசாவின் முகம் சிவந்திருந்தது, நெற்றியில் வேர்வை, கண் டப்பாக்களைவிட்டு நகரவில்லை. நாற்காலிமேல், மேசைக்கும் மேலே, இந்த வீட்டில் எல்லாரையும்விட உயரத்தில் நின்றுகொண்டிருந்தான். டெலானா காலைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டு, அவன் முழங்கைக்கு அடியில் தன் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கிப் பிடித்தாள்.

நிமிஷக் கடிகாரத்தில் இன்னும் நாலு நிமிஷம் இருந்தது. தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது.